செவிக்குத் துணையாவது எது?

அறிவியற் கருவிகளின் வரலாற்றிலும் கடன் கொடுத்தலும் கடன் தீர்த்தலும் உண்டு. 1947ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பொதுமக்கள் விலை கொடுத்து வாங்கும் பொருள்களுள் அது முதன்முதலில் இடம் பெற்றது வானொலிப் பெட்டியில் அன்று. காது கேட்கும் கருவியிலேயே ஆகும். 1952ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘சோனோடோன் 1010’ என்னும் கருவியில் இரண்டு வெற்றிடக் குழல்களோடு ஒரு டிரான்சிஸ்டரும் பொருத்தப்பட்டிருந்தது. டிரான்சிஸ்டர் வானொலி கடைக்கு வந்தது 1954ஆம் ஆண்டில்தான். செவிப்புலன் குன்றியோர்க்கெனக் கையாளப்பட்ட அந்த நுண்பொருள் பின்னர் எல்லோருடைய சட்டைப் பையிலும் பாட்டாக ஒலித்தது. இன்று அக்கடன் திரும்பி வருகிறது. பாட்டுக் கேட்பதற்கென்று இளைஞர் காதிற் செருகிக்கொள்ளும் கம்பியில்லா இயர்பட், காது மந்தமானவர்களுக்கும் துணையாகக்கூடும் என்ற பேச்சு நாட்டில் பரவியுள்ளது.

களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் இவ்வினாவை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். “காது மிஷினுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், பேரன் வைத்திருக்கும் இயர்பட்டையே போட்டுக்கொண்டால் போதாதா?” என்று முதியவர் ஒருவர் கேட்டால் என்ன விடை கூறுவது? ‘ஆகாது’ என்று ஒரு சொல்லில் முடிப்பது எளிது. ஆனால் அது முழு உண்மை அன்று. ‘தாராளமாக ஆகும்’ என்பதோ அதனினும் தீங்கானது. சிலருக்கு, சில நிலைமைகளில், இயர்பட் நல்லதொரு முதற்படியாகும். ஆனால் காதைச் சோதித்துப் பாராமல் எவரும் அப்படியில் கால் வைத்தலாகாது. பிள்ளைகளுக்கு அது எவ்வகையிலும் மாற்று ஆகாது. இதுவே என் கருத்து. அதற்குரிய காரணங்களைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலி வேறு, சொல் வேறு

காது மந்தம் என்றவுடன் உலகமே தாழ்ந்த குரலில் ஒலிப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். முதுமையில் வரும் குறை பெரும்பாலும் அத்தகையது அன்று. உட்செவியில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட உறுப்பு ஒன்று உள்ளது. அதனுள் இருக்கும் நுண்ணிய மயிர் உயிரணுக்கள் ஒலியின் அதிர்வை நரம்புக்கு உரிய மின்குறிப்பாக மாற்றுகின்றன. உயர்ந்த அதிர்வெண்களை உணரும் உயிரணுக்களே முதலில் தேய்கின்றன. தேய்ந்தவை மனிதரிடத்தில் மீண்டும் முளைப்பதில்லை.

இதன் விளைவைத் தமிழ் ஆசிரியர்க்கு விளக்குவது எளிது. பேச்சில் உயிரெழுத்துகள் வலிமையுள்ளவை. அவற்றின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில் மிகுதி. ஒரு மெய்யை மற்றொரு மெய்யினின்று பிரித்துக் காட்டும் குறிப்புகளோ பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸும் அதற்கு மேற்பட்டதுமான பகுதியில் அமைந்தவை, வலிமையும் குறைந்தவை. ஆதலின் முதியவர் ஒருவருக்கு உயிர் கேட்கிறது, மெய் மறைகிறது. ‘பட்டு’ என்றாலும் ‘தட்டு’ என்றாலும் ‘கட்டு’ என்றாலும் அவர் செவியில் ஏறத்தாழ ஒன்றே. “பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறாய் என்பதுதான் விளங்கவில்லை” என்று அவர் கூறுவது பிடிவாதமன்று, துல்லியமான நோய்க்குறி.

அவருக்கு எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? மெய் விளங்குமுன் உயிர் செவியைத் துளைக்கும். குக்கரின் கூவலும் பாத்திரத்தின் ஓசையும் தலையில் அடிக்கும். தெருவில் மலிவாக விற்கப்படும் ஒலிபெருக்கிகள் சில இவ்வளவே செய்கின்றன. முறையான காது கேட்கும் கருவி அவ்வாறு செய்வதில்லை. அது ஒலியைப் பல அதிர்வெண் பகுதிகளாகப் பிரித்து, அணிபவரின் செவித்திறன் வரைபடத்தில் எங்குப் பள்ளம் உள்ளதோ அங்கு மட்டும் நிரப்புகிறது. மெல்லிய ஒலியை மிகுதியாகவும் உரத்த ஒலியைச் சிறிதளவும் பெருக்குகிறது. மூக்குக் கண்ணாடியின் வில்லையைப் போல அது ஒருவருக்கென்று அளந்து செய்யப்படுவது.

இயர்பட் எவ்வளவு தூரம் வந்துள்ளது?

இன்றைய உயர்தர இயர்பட்டும் வெறும் ஒலிபெருக்கி அன்று என்பதை நடுநிலையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனுள் ஒலிவாங்கி உண்டு. கணிக்கும் சில்லு உண்டு. இரைச்சலைக் குறைக்கும் ஏற்பாடும் உண்டு. தைப்பே நகரின் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இலேசானது முதல் நடுத்தரம் வரை கேட்கும் திறன் குறைந்த 21 பேரிடம் இயர்பட்டையும் காது கேட்கும் கருவிகளையும் ஒப்பிட்டனர். அமைதியான அறையில் ஏர்பாட்ஸ் புரோ என்னும் இயர்பட் சாதாரண வகைக் கருவிக்கு ஏறத்தாழ ஒப்பாகவும், விலையுயர்ந்த கருவிக்குச் சற்றுத் தாழ்வாகவும் நின்றது. பேச்சு வரும் திசையிலேயே, அதாவது கேட்பவரின் முன்னிருந்தே, இரைச்சலும் வந்தபோது அதன் துணை பயன்படவில்லை. சந்தையிலும் கல்யாண வீட்டிலும் இரைச்சல் திசை பார்த்து வருவதில்லை என்பதை நாம் அறிவோம்.

சட்டமும் இத்திசையில் அசைந்துள்ளது. அமெரிக்க நாட்டில் மருத்துவச் சீட்டின்றிக் கடையில் வாங்கத்தக்க காது கேட்கும் கருவி என்னும் புதிய வகை 2022 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பியவர்க்கும், குறை இலேசானதாகவோ நடுத்தரமாகவோ இருப்பவர்க்கும் மட்டுமே அஃது உரியது. அக்கருவி எழுப்பக்கூடிய உச்ச ஒலி பொதுவில் 111 டெசிபலைத் தாண்டலாகாது எனவும், உள்வரும் ஒலிக்கேற்ப அடங்கும் ஏற்பாடு இயங்குங்கால் 117 டெசிபலைத் தாண்டலாகாது எனவும் வரம்பு கட்டினர். 2024 செப்டம்பரில் ஏர்பாட்ஸ் புரோ இயர்பட்டை அவ்வகைக் கருவியாக மாற்றும் மென்பொருளுக்கு அந்நாட்டு உணவு மருந்து ஆணையம் இசைவளித்தது. மென்பொருள் ஒன்று இவ்வகையில் இசைவு பெற்றது அதுவே முதன்முறை.

அவ்விசைவுக்கு அடிப்படையான ஆய்வில் 118 பேர் பங்கு கொண்டனர். தாமே அமைத்துக்கொண்டவர்களும், வல்லுநர் அமைத்துக் கொடுக்கப் பெற்றவர்களும் ஒத்த பயன் அடைந்ததாக உணர்ந்தனர் என்பது அதன் முடிவு. இதனைக் கூர்ந்து படிக்க வேண்டும். ஒப்பிடப்பட்டது அமைத்தவரின் கை. கருவி இரு சாராருக்கும் ஒன்றே. ‘இயர்பட்டும் காது கேட்கும் கருவியும் சமம்’ என்று அவ்வாய்வு கூறவில்லை. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இவ்வேறுபாட்டை வலியுறுத்துகிறேன். மூலத்தில் இல்லாத பொருளைச் செய்தித் தலைப்பு ஏற்றிவிடும்போது அது மக்களின் காதுகளில் வந்து முடிகிறது.

இயர்பட்டின் குறைகளையும் மறைத்தலாகாது. அதன் மின்கலம் சில மணி நேரமே தாங்கும். காது கேட்கும் கருவியோ காலை முதல் இரவு வரை நிற்பது. கைப்பேசியை மேசைமேல் வைத்து அதன் ஒலிவாங்கி வழியே குரலைக் காதுக்கு அனுப்பும் முறையில் குரல் சிறிது தாமதித்து வருகிறது. உதட்டசைவும் ஓசையும் பொருந்துவதில்லை. காதை முற்றும் அடைப்பதால் தம் குரலே தமக்கு முழங்குவதாகப் பலர் உணர்வர். அதனை அணிந்தவர் பாட்டுக் கேட்கிறார் என்று எண்ணி எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிடுவதும் உண்டு. மேலும் மேற்குறித்த மென்பொருள் குறிப்பிட்ட சில மாதிரிகளில், அதே நிறுவனத்தின் கைப்பேசியோடு சேர்ந்தே இயங்கும். நாட்டுக்கு நாடு அதன் கிடைப்பும் வேறுபடும். கடையில் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கும் இயர்பட்டுக்கு இவ்வாய்வுகளின் முடிவைப் பொருத்திப் பேசுவது பிழை.

இடையில் நிற்பவர்கள்

இவ்வளவு குறைகள் இருந்தும் மக்கள் ஏன் இதனை நாடுகின்றனர்? உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 43 கோடி மக்களுக்குக் கேட்கும் திறன் தொடர்பான மறுவாழ்வுப் பணி தேவைப்படுகிறது. காது கேட்கும் கருவியால் பயன் பெறக்கூடியவருள் உண்மையில் அதனை அணிவோர் 17 விழுக்காட்டினரே.

நம் நாட்டில் காரணம் இன்னும் தெளிவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதிலும் பேச்சுக்குரிய அதிர்வெண்களில் 70 டெசிபல் இழப்பு உடையவரைக் காது கேளாதோர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உடையவரைச் செவித்திறன் குறைந்தோர் என்றும் வரையறுக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்படி 20 டெசிபலிலேயே இலேசான குறை தொடங்குகிறது. 35இல் நடுத்தரக் குறை தொடங்குகிறது. ஆக, 45 டெசிபல் இழப்புள்ள வகுப்பாசிரியர், நடத்துநர், அங்காடிப் பணியாளர் ஆகியோர் மருத்துவ நூலின்படி குறையுடையவர், சட்டத்தின்படி குறையற்றவர். கருவிகள் வழங்கும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டம் 40 விழுக்காட்டுக் குறைபாட்டுச் சான்றிதழைக் கேட்கிறது. வறுமைக்கோட்டின் கீழுள்ள முதியோர்க்கு 2017இல் தொடங்கிய ராஷ்டிரிய வயோஶ்ரீ திட்டம் கைகொடுக்கிறது. இவ்விரண்டிலும் சேராத நடுத்தர வருவாயினரும், நடுவயதினரும் இடையில் நிற்கின்றனர். இயர்பட்டின் ஆற்றல் எந்த அளவு இழப்புக்குப் போதுமோ, ஏறத்தாழ அந்த அளவிலேயே இவர்களின் இழப்பும் உள்ளது. இதனால்தான் இப்பொருளை ஏளனம் செய்து ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

2024ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூருவில் நிகழ்ந்தது ஒன்று இத்தேவையின் அளவைக் காட்டும். மேற்கூறிய மென்பொருள் வசதி அப்போது இந்தியாவில் திறக்கப்பட்டிருக்கவில்லை. தம் பாட்டிக்காக இயர்பட் வாங்கிய இளைஞர் சிலர், அலுமினியத் தாளும் நுண்ணலை அடுப்பும் கொண்டு சுற்றுப்புற வானலைகளைத் தடுத்து, கருவி வேறு நாட்டில் இருப்பதாக அதனையே நம்பவைத்து, வசதியைத் திறந்தனர். அவர்தம் திறமையை நான் மெச்சுகிறேன். அம்முறையைப் பிறர் பின்பற்ற வேண்டும் என்று கூறேன். ஒரு பாட்டியின் காதுக்குச் சொல் எட்டுவதற்கு இத்தனை தந்திரம் தேவைப்பட்டது என்பதையே சிந்திக்க வேண்டும்.

என் வீட்டில் கற்ற பாடம்

தந்தையார் தந்தி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ‘கட்டுக் கடகட’ ஒலியைக் காதால் எழுத்தாக்கி ஊதியம் ஈட்டியவர். எழுபத்தைந்து வயதைக் கடந்தபின் அவர் உணவு வேளையில் பேசுவதை நிறுத்திவிட்டார். வாங்கிக் கொடுத்த காது மிஷின் ஒரு திங்களில் மேசை இழுப்பறைக்குள் சென்றது. அதனை இரண்டாம் முறை கொண்டுசென்று அளவு திருத்திக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்கு எவரும் அறிவுறுத்தவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பின்னர் என் மகள் தன் இயர்பட்டை அவர் காதிற் செருகி, சுற்றொலி கேட்கும் நிலையில் வைத்து, “தாத்தா, இப்ப கேக்குதா?” என்றாள். அவர் முகம் மலர்ந்ததை நான் மறவேன். அன்று முதல் வீட்டில் பேச்சு மீண்டது. ஏழெட்டுத் திங்கள் நாங்கள் எல்லோரும் மகிழ்ந்திருந்தோம்.

ஆனால் அவர் தொலைபேசியை எப்போதும் வலக்காதிலேயே வைப்பார். அதை நாள்தோறும் கண்டோம். ஏன் என்று கேட்டோமில்லை. ஒருநாள் இடக்காது இயர்பட்டின் ரப்பர் முனையில் ஈரமும் துர்நாற்றமும் இருக்கக் கண்டு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இடச் செவிப்பறையில் பழைய துளை ஒன்று இருந்தது. அதன் வழியே சீழ் கசிந்துகொண்டிருந்தது. காற்றுப் படவேண்டிய அக்காதை நாங்கள் நாள்தோறும் பல மணி நேரம் இறுக அடைத்து வைத்திருந்தோம். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. “ஒலி பெரிதானது, நோயும் உடன் வளர்ந்தது” என்று மட்டும் கூறினார். துப்புரவாலும் மருந்தாலும் காது உலர்ந்தது. இப்போது தந்தையார் வலக்காதுக்கு வரைபடத்தின்படி அமைத்த கருவி அணிகிறார். தொலைக்காட்சி பார்க்கையில் அக்கருவியைக் கழற்றி வைத்து, அதே வலக்காதில் இயர்பட்டைச் செருகிக்கொள்வதும் உண்டு.

இயர்பட் அவருக்குத் தீங்கு செய்தது என்று நான் கூறவில்லை. பேச்சை மீட்டது அதுதான். எங்கள் மகிழ்ச்சியே எங்கள் கண்ணை மறைத்தது என்பதே குற்றம். கருவி ஒலியைப் பெருக்கும். காதினுள் எட்டிப் பார்க்காது. குறும்பி அடைத்த காதுக்கும், சீழ் வடியும் காதுக்கும், நரம்பில் கட்டி வளரும் காதுக்கும் அது ஒரே வகையிலேயே ஒலி தரும்.

பிள்ளைகளின் காது

ஆசிரியப் பெருமக்கள் இப்பகுதியைச் சிறப்பாகக் கருத வேண்டும். வளர்ந்தவர் ஒருவர் மொழியை முன்பே கற்றுவிட்டவர். காது தவறவிட்ட சொல்லை நினைவு நிரப்பிக்கொள்ளும். குழந்தைக்கு அந்நிதி இல்லை. காதின் வழியேதான் அது மொழியைச் சேர்க்க வேண்டும். பிறந்து ஒரு திங்களுக்குள் முதற்சோதனை, மூன்று திங்களுக்குள் நோய் முடிவு, ஆறு திங்களுக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்று வல்லுநர் வகுத்திருப்பது இதனால்தான். குழந்தையின் காதுக்குழாய் வளர்ந்துகொண்டே இருப்பதால் அச்சும் அளவும் அடிக்கடி மாற்றப்பட வேண்டும். ஆகவே செவித்திறன் குறைந்த பிள்ளைக்கு இயர்பட் வாங்கிக் கொடுக்குமாறு எந்த ஆசிரியரும் கூறலாகாது. அமெரிக்க விதியும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரை விலக்கியே வைத்துள்ளது.

கடைசி வரிசையில் ‘கவனமில்லாதவன்’ என்று பெயர் பெற்ற மாணவன் ஒருவன் உண்மையில் செவி குறைந்தவனாக இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாமை, சொல்வதெழுதலில் ஒத்த ஒலிச் சொற்களை மாற்றி எழுதுதல், பேசுபவர் வாயையே உற்று நோக்குதல், சளி பிடித்த நாள்களில் மேலும் மந்தமாதல் ஆகியவை அறிகுறிகள். 2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்தியா திட்டத்தின்படி பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அவன் பெயரை முதலில் கொடுக்க வேண்டும். அதுவரை அவனை முன்வரிசையில் அமர்த்தி, கரும்பலகையை நோக்கியபடி பேசாது வகுப்பை நோக்கிப் பேசினால், செலவின்றியே பாதித் துணை கிடைத்துவிடும்.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

முதலாவது, சில அறிகுறிகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். காதில் சீழோ இரத்தமோ வடிதல், வலி, ஓரிரு நாளில் திடீரெனக் கேளாமற்போதல், ஒரு காதில் மட்டும் மந்தம் அல்லது இரைச்சல், தலைசுற்றல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் கருவிப் பேச்சையே எடுத்தலாகாது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புக. திடீர்க் கேளாமைக்கு ஒவ்வொரு நாளும் மதிப்புள்ளது.

இரண்டாவது, இவ்வறிகுறிகள் இல்லாத வளர்ந்தவரும் ஒருமுறையேனும் காதைக் காட்டிச் சோதித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். குறும்பியை எடுத்தவுடன் கேட்கத் தொடங்குவோரும் உளர். 2007இல் தொடங்கிய தேசியக் காது கேளாமைத் தடுப்புத் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளின் வழி இப்பணிக்கென்றே வகுக்கப்பட்டது. மைசூருவில் 1965 முதலும் மும்பையில் 1983 முதலும் இயங்கிவரும் பேச்சு, செவித்திறன் நிறுவனங்கள் இத்துறை வல்லுநரைப் பயிற்றுகின்றன.

மூன்றாவது, சோதனையில் இலேசான குறை என்று தெரிந்து, கருவி வாங்க வசதியோ மனமோ இல்லாதவர், வீட்டில் ஏற்கெனவே உள்ள தரமான இயர்பட்டைப் பயன்படுத்திப் பார்ப்பதைத் தடுக்க வேண்டுவதில்லை. ‘காது மிஷின்’ என்றால் கூசும் நடுவயதினர் பலர் இதனை நாணமின்றி அணிவர். துணையின் பயனை ஒருமுறை சுவைத்தவர் பின்னர் முறையான கருவியை ஏற்கும் வாய்ப்பும் மிகும். ஆனால் ஒலியளவில் கவனம் வேண்டும். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதற்கு 80 டெசிபலே தக்க வரம்பு என்றும், 90 டெசிபலாயின் 4 மணி நேரமே தகும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. குறைந்த செவிக்குத் துணையாக வந்தது எஞ்சிய செவியையும் தின்றுவிடலாகாது.

நான்காவது, கருவி பெற்றவரை ஒரு திங்களுக்குப் பின் மீண்டும் சென்று காண வேண்டும். மூளை புதிய ஒலிக்குப் பழக வாரங்கள் ஆகும்; அளவும் திருத்தப்பட வேண்டும். இழுப்பறையில் உறங்கும் கருவிகளுள் பெரும்பாலானவை பழுதானவை அல்ல. பின்தொடர்ந்து வர ஆளில்லாதவை என்றே நான் எண்ணுகிறேன்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 60 டெசிபலுக்குக் கீழ் நிற்பவர்க்குச் சான்றிதழ் கொடுக்க இயலாதிருக்கலாம். செவிச் சோதனையேனும் அருகில், கட்டணமின்றிக் கிடைக்கச் செய்யலாம். கேட்கும் துணை என்று விளம்பரம் செய்து விற்கப்படும் எப்பொருளின் உறையிலும், உச்ச ஒலியளவும், யாருக்கு உரியது, எப்போது மருத்துவரைக் காண வேண்டும் என்பதும் அந்தந்த மாநில மொழியில் அச்சிடப்பட வேண்டும். அவ்வாசகங்களை மொழிபெயர்க்கும் பணி எம்மனோர்க்கு வருமாயின் மகிழ்வோடு ஏற்போம்.

‘மாற்று’ என்னும் சொல் தமிழில் ஒன்றுக்குப் பதிலாக நிற்பதனைக் குறிக்கும். உரைகல்லில் அறியப்படும் பொன்னின் தரத்தையும் குறிக்கும். இயர்பட் மாற்றா என்று கேட்போரிடம், முதலில் காதை உரைத்துப் பார்ப்போம், பிறகு பதில் சொல்வோம் என்று கூறுங்கள். அவ்விடை சற்று நீளமானதுதான். எனினும் கதவருகே நின்று அதனை முகம் பார்த்து, நிதானமாக, இருமுறை சொல்லும் களப்பணியாளரே அம்முதியவருக்கு அன்றைய பொழுதின் சிறந்த செவித்துணை ஆவார்.